கணக்குக் கேள்வி – பதில்: சேர்ந்து உட்காரக் கூடாது என்றால்…

இந்த இதழுக்குத் தேர்ந்தெடுத்த கேள்விகள் எல்லாமே வரிசை மாற்றம் (எத்தனை விதமாக அடுக்கலாம்), சேர்வு (எத்தனை விதமாகத் தேர்ந்தெடுக்கலாம்) பற்றியவை. அதிலும் நிபந்தனை போட்ட கணக்குகள். பெரும்பாலான வாசகர்கள் தாங்கள் போட்ட வழியையும் எழுதி அனுப்பியிருப்பதால், விடையைச் சொல்வதோடு எந்த இடத்தில் சறுக்கியது என்றும் காட்ட முடிகிறது.

கேள்வி: 5 ஆண்கள், 3 பெண்கள் ஒரே வரிசையில் உட்கார வேண்டும். எந்த இரண்டு பெண்களும் அடுத்தடுத்து உட்காரக் கூடாது. மொத்த வழிகள் 8! (அதாவது 8 × 7 × 6 × … × 1) = 40,320. மூன்று பெண்களையும் ஒரே கட்டாகக் கட்டினால் 6! × 3! = 4,320. கழித்தால் 36,000 வருகிறது. புத்தகத்தில் 14,400 என்று இருக்கிறது. அச்சுப்பிழையா?

பதில்: அச்சுப்பிழை இல்லை. 36,000 என்பதும் ஒரு கேள்விக்குச் சரியான விடைதான், ஆனால் அது வேறு கேள்வி. "மூன்று பெண்களும் ஒன்றாகச் சேர்ந்துவிடக் கூடாது" என்பதற்கு அது விடை. கேட்டிருப்பது "எந்த இரண்டு பெண்களும் சேரக் கூடாது" என்று.

இந்த அமர்வைப் பாருங்கள்: ஆ பெ பெ ஆ ஆ பெ ஆ ஆ. இதில் மூன்று பெண்களும் ஒன்றாக இல்லை, ஆகவே நீங்கள் கழித்த 4,320-இல் இது இல்லை. ஆனால் இரண்டு பெண்கள் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள், ஆகவே இது கூடாத அமர்வு. இப்படிப்பட்டவை எல்லாம் உங்கள் 36,000-க்குள் தங்கிவிட்டன.

"எந்த இரண்டும் சேரக் கூடாது" என்றால் கழித்தலுக்குப் போகாதீர்கள், இடைவெளி முறைதான் சுருக்கு வழி. நிபந்தனை இல்லாதவர்களை முதலில் உட்கார வையுங்கள். 5 ஆண்களுக்கு 5! = 120 வழி. அவர்களுக்கு இடையிலும் இரண்டு ஓரங்களிலுமாக 6 இடைவெளிகள் கிடைக்கும்:

_ ஆ _ ஆ _ ஆ _ ஆ _ ஆ _

ஓர் இடைவெளிக்கு ஒரு பெண் மட்டும். முதல் பெண்ணுக்கு 6 இடம், அடுத்தவருக்கு 5, மூன்றாமவருக்கு 4. 6 × 5 × 4 = 120. ஆக 120 × 120 = 14,400.

உங்கள் வழியிலேயே சரிபார்க்கவும் முடியும். 36,000-இலிருந்து 14,400 போனால் 21,600. இரண்டு பெண்கள் மட்டும் ஒட்டி, மூன்றாமவர் தனியாக இருக்கும் அமர்வுகள் அத்தனை இருக்க வேண்டும். எண்ணிப் பார்ப்போம்: ஒட்டி உட்காரும் இருவரைத் தேர்ந்தெடுக்க 3 வழி, அவர்களுக்குள் முன்பின் மாற 2 வழி, அந்த ஜோடிக்கும் தனி ஆளுக்கும் 6 இடைவெளிகளில் 6 × 5 = 30 வழி, ஆண்களுக்கு 120 வழி. 3 × 2 × 30 × 120 = 21,600. கணக்கு நேராகிவிட்டது.

இடைவெளி முறையில் வழக்கமாக நடக்கும் தவறுகள் இரண்டு. ஓரத்து இடைவெளிகளை விட்டுவிட்டு நடுவில் உள்ள 4-ஐ மட்டும் எடுத்தால் 120 × 24 = 2,880 வரும். அது, இரண்டு ஓரத்திலும் ஆண்களே இருக்க வேண்டும் என்ற கூடுதல் நிபந்தனைக்கான விடை. இன்னொன்று, 6 இடைவெளிகளில் 3-ஐத் தேர்ந்தெடுத்து 20 என்று போட்டுவிட்டு, எந்த இடைவெளியில் எந்தப் பெண் என்பதை மறந்துவிடுவது. பெண்கள் வெவ்வேறு ஆட்கள் என்பதால் அந்த 20-ஐ 3!-ஆல் பெருக்கியே ஆக வேண்டும்.

கேள்வி: வட்ட மேசையைச் சுற்றி 6 பேர் (எல்லோரும் சுழன்று நகர்ந்தாலும் அதே அமர்வுதான், ஆகவே ஒருவரை நிறுத்திவிட்டு மற்றவர்களை மட்டும் மாற்றினால் போதும்). அவர்களில் அ, இ என்ற இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரக் கூடாது. மற்ற 4 பேரை 3! = 6 வழிகளில் உட்கார வைத்து, 5 இடைவெளிகளில் இருவரையும் வைத்தேன்: 6 × 5 × 4 = 120. ஆனால் நிபந்தனையே இல்லாவிட்டாலும் 5! = 120 தானே?

பதில்: நிபந்தனை போட்ட பிறகும் எண்ணிக்கை குறையவில்லையே என்று சந்தேகப்பட்டீர்களே, அது நல்ல பழக்கம். தவறு 5 இடைவெளி என்று எடுத்ததில் இருக்கிறது. வரிசையில் 4 பேர் நின்றால் இடைவெளி 5. வட்டத்தில் 4 பேர் உட்கார்ந்தால் இடைவெளியும் 4 தான், ஏனென்றால் இரண்டு ஓரங்களும் வளைந்து வந்து ஒன்றாகிவிடுகின்றன. 6 × 4 × 3 = 72.

கழித்தல் வழியில்: அ, இ இருவரையும் ஒரே ஆளாகக் கட்டினால் 5 'ஆட்கள்', வட்டத்தில் 4! = 24, உள்ளே இடம் மாற 2. ஆக 48. 120 − 48 = 72.

நாற்காலிகளுக்கு எண் ஒட்டியிருக்கிறதா என்று கேள்வியைக் கவனமாகப் படியுங்கள். எண் இருந்தால் சுழற்றி வைத்ததும் தனி அமர்வுதான், 72 × 6 = 432. மாலையில் கோத்த மணிகள் என்றால் திருப்பிப் போட்டாலும் அதே மாலைதான், 72-இல் பாதி, 36.

இதோடு ஒட்டிய இன்னொரு கேள்வியையும் ஒருவர் அனுப்பியிருக்கிறார்: அந்த 6 பேரும் 3 தம்பதிகள், எந்தக் கணவனும் மனைவியும் அடுத்தடுத்து உட்காரக் கூடாது. ஒரு தம்பதி சேர்ந்திருக்கும் வழி 48, மூன்று தம்பதிக்கு 144, ஆகவே 120 − 144 = −24 என்று வந்து திகைத்துப் போயிருக்கிறார்.

இரண்டு தம்பதிகள் சேர்ந்திருக்கும் அமர்வை, முதல் தம்பதிக்காக ஒரு முறையும் இரண்டாவது தம்பதிக்காக ஒரு முறையும் கழித்திருக்கிறீர்கள். ஒரே அமர்வு இரண்டு தடவை போய்விட்டது. அதிகமாகக் கழித்ததைத் திரும்பக் கூட்ட வேண்டும். குறிப்பிட்ட இரண்டு தம்பதிகள் சேர்ந்தால் 4 'ஆட்கள்', 3! × 2 × 2 = 24. அப்படி மூன்று ஜோடித் தேர்வுகள், 72. மூன்று தம்பதிகளும் சேர்ந்திருக்கும் அமர்வுகள் 2! × 8 = 16. இவை மூன்று முறை கழிந்து மூன்று முறை திரும்பக் கூடி, மொத்தத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன, ஆகவே ஒரு முறை கழிக்க வேண்டும்.

120 − 144 + 72 − 16 = 32.

இந்தச் சேர்த்தல் – நீக்கல் முறையை வாய்பாடாக மனப்பாடம் செய்வதைவிட, ஏதாவது ஒரு கூடாத அமர்வைக் கையில் எடுத்து, அது எத்தனை முறை உள்ளே வந்தது, எத்தனை முறை வெளியே போனது என்று எண்ணிப் பார்ப்பது மேல். மூன்று தம்பதிகளும் சேர்ந்த அமர்வுக்கு 1 − 3 + 3 − 1 = 0. அது முழுவதுமாக வெளியே போய்விட்டது என்று உறுதியாகத் தெரிகிறது.

தம்பதிகள் சேராமல், ஆணும் பெண்ணும் மாறி மாறியும் உட்கார வேண்டும் என்ற கடினமான வடிவத்தை 1891-இல் பிரெஞ்சுக் கணிதர் எடுவார்ட் லூகாஸ் முன்வைத்தார். எத்தனை தம்பதிகளுக்கும் பொருந்தும் நேரடி வாய்பாட்டை ஜாக் டூஷார் 1934-இல்தான் கொடுத்தார். மூன்று தம்பதிகளுக்கு மட்டும் அது எளிது: ஒவ்வொரு மனைவியும் கணவனுக்கு நேர் எதிரில்தான் உட்கார முடியும். மேலே சொன்ன 32-இல் அப்படிப்பட்டவை 2.

கேள்வி: 0, 1, 2, 3, 4, 5 இலக்கங்களைக் கொண்டு, ஓர் இலக்கம் மறுபடி வராமல், நான்கு இலக்க இரட்டைப்படை எண்கள் எத்தனை? நான் 3 × 4 × 4 × 3 = 144 என்று போட்டேன். விடை 156.

பதில்: கடைசி இடத்துக்கு 0, 2, 4 என 3 வாய்ப்பு என்று தொடங்கியது சரி. அடுத்து முதல் இடத்துக்கு 4 வாய்ப்பு என்று எழுதினீர்களே, அது எப்போதும் உண்மை இல்லை. கடைசி இடத்தில் 2 அல்லது 4 இருந்தால் மீதி ஐந்து இலக்கங்களில் 0 இருக்கிறது, அதை முதலில் வைக்க முடியாது, ஆகவே 4. கடைசி இடத்துக்கு 0-வே போய்விட்டால் மீதி ஐந்தும் முதல் இடத்துக்குத் தகுதியானவை, ஆகவே 5.

0-இல் முடிபவை 5 × 4 × 3 = 60. 2 அல்லது 4-இல் முடிபவை 2 × 4 × 4 × 3 = 96. மொத்தம் 156. உங்களுக்கு விட்டுப்போன 12, அந்த 60-க்குப் பதில் 48 என்று எடுத்ததால் வந்தது.

ஓர் இடத்தின் வாய்ப்புகளின் *எண்ணிக்கை* முந்தைய தேர்வைப் பொறுத்து மாறினால், அங்கே பெருக்கலை நிறுத்தி வகை பிரிக்க வேண்டும். எந்த இலக்கங்கள் மிஞ்சின என்பது மாறலாம், எத்தனை மிஞ்சின என்பது மாறக் கூடாது.

கேள்வி: 5 ஆண்கள், 4 பெண்களில் இருந்து 4 பேர் குழு. குறைந்தது 2 பெண்களாவது இருக்க வேண்டும். முதலில் 2 பெண்களைத் தேர்ந்தெடுத்தால் 6 வழி. பிறகு மீதி 7 பேரில் யாரை வேண்டுமானாலும் இருவரைச் சேர்க்கலாம், 21 வழி. 6 × 21 = 126. இதில் என்ன குறை? நிபந்தனை நிறைவேறிவிட்டதே!

பதில்: இந்தத் தவறு செய்யாமல் இந்தப் பாடத்தைக் கடந்தவர்கள் மிகக் குறைவு, அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் ஒரு அதிர்ச்சி. நிபந்தனையே இல்லாமல் 9 பேரில் 4 பேரை எடுக்கும் வழிகள் (9 × 8 × 7 × 6) ÷ 24 = 126. நீங்கள் கண்ட விடையும் அதே. பெண்களே இல்லாத குழுக்கள் 5 இருக்கும்போது அப்படி இருக்கவே முடியாது. வேண்டாதவை எதுவும் உங்கள் கணக்கில் நுழையவில்லை, உண்மைதான். வேண்டியவைதான் பல முறை நுழைந்திருக்கின்றன.

பெண்களை க, ச, த, ந என்போம். க, ச, த மூவரும் ஓர் ஆணும் உள்ள ஒரே குழுவை எடுங்கள். உங்கள் முறையில் இது, முதலில் க–ச, பிறகு த என்று ஒரு முறை, முதலில் க–த, பிறகு ச என்று ஒரு முறை, முதலில் ச–த, பிறகு க என்று ஒரு முறை, மொத்தம் மூன்று முறை வருகிறது. குழுவில் 'முதலில் வந்தவர், பிறகு வந்தவர்' என்ற அடையாளம் யாருக்கும் இல்லை, குழு ஒன்றுதான். நான்கு பெண்களும் உள்ள குழு ஆறு முறை வருகிறது.

சரியான வழி, பெண்களின் எண்ணிக்கையைத் துல்லியமாக நிறுத்தி வகை பிரிப்பது. 2 பெண், 2 ஆண்: 6 × 10 = 60. 3 பெண், 1 ஆண்: 4 × 5 = 20. 4 பெண்: 1. மொத்தம் 81. உங்கள் 126 எப்படி வந்தது என்பதும் இப்போது தெரியும்: 60 × 1 + 20 × 3 + 1 × 6 = 126.

கழித்தல் வழி: 126-இலிருந்து பெண்களே இல்லாத 5-ஐயும், ஒரே பெண் உள்ள 4 × 10 = 40-ஐயும் எடுத்தால் 81. 'குறைந்தது' என்ற சொல்லைப் பார்த்தவுடன், தேவையானதை முதலில் எடுத்து வைத்துவிட்டு மீதியை நிரப்பலாம் என்று கை போகும். நிறுத்துங்கள்.

கேள்வி: 'படபடப்பு' என்ற சொல்லின் எழுத்துகளை எத்தனை விதமாக மாற்றி அடுக்கலாம்? ஒரே எழுத்து அடுத்தடுத்து வராதவை எத்தனை? ப, ப், பு மூன்றையும் ஒன்றாகக் கொள்வதா?

பதில்: வெவ்வேறு எழுத்துகளாகவே கொள்ளுங்கள். ப, ட, ப, ட, ப், பு: ஆறு எழுத்துகள், ப இரண்டு முறை, ட இரண்டு முறை. 6! ÷ (2! × 2!) = 720 ÷ 4 = 180.

இரண்டு ப-வும் ஒட்டி வருபவை: அவற்றை ஒரே எழுத்தாகக் கொண்டால் 5! ÷ 2! = 60. இங்கே பலர் உள்ளே இடம் மாற்ற 2!-ஆல் பெருக்கிவிடுகிறார்கள். இரண்டும் ஒரே ப, இடம் மாற்றினாலும் அதே சொல்தான், பெருக்கக் கூடாது. ட-வுக்கும் இதேபோல 60. இரண்டு ஜோடிகளும் ஒட்டி வருபவை 4! = 24. ஆகவே 180 − 60 − 60 + 24 = 84.

தமிழ்ச் சொல் புள்ளி எழுத்தில் தொடங்காது என்ற விதியையும் சேர்த்துக்கொள்ளலாம். ப் முதலில் நின்றால் பின்னால் ப, ப, ட, ட, பு. இவற்றில் ஒரே எழுத்து ஒட்டாதவை 30 − 12 − 12 + 6 = 12. அவற்றைக் கழித்தால் 84 − 12 = 72.

கேள்வி: 5 கடிதங்கள், 5 உறைகள். எந்தக் கடிதமும் தனக்குரிய உறைக்குள் போகக் கூடாது. முதல் கடிதத்துக்கு 4 உறை, அடுத்ததற்கு 3, அடுத்து 2, 1 என்று 24 வழிகள் சரியா?

பதில்: சரியில்லை, விடை 44. நான்கு இலக்க எண்ணில் நடந்ததுதான் இங்கேயும் நடக்கிறது. முதல் கடிதம் 2-ஆம் உறைக்குள் போயிருந்தால், இரண்டாவது கடிதத்துக்கு மிஞ்சிய நான்கு உறைகளும் திறந்திருக்கும். வேறு உறைக்குள் போயிருந்தால் மூன்றுதான்.

சுலபமான வழி, சிறிய எண்ணிலிருந்து ஏறி வருவது. முதல் கடிதம் 4 தவறான உறைகளில் ஒன்றுக்குப் போகிறது, அது 2-ஆம் உறை என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது கடிதம் பதிலுக்கு 1-ஆம் உறைக்கு வந்துவிட்டால், மீதி 3 கடிதங்கள் தங்களுக்குள் இடம் மாறினால் போதும். அப்படி வராவிட்டால், இரண்டாவது கடிதத்துக்கு 1-ஆம் உறைதான் 'தன் உறை' போல விலக்கப்பட்டது என்று கொண்டால், 4 கடிதங்களின் அதே கணக்கு. 2 கடிதங்களுக்கு 1 வழி, 3-க்கு 2 வழி. அதிலிருந்து 4-க்கு 3 × (2 + 1) = 9. 5-க்கு 4 × (9 + 2) = 44. 6-க்கு 5 × (44 + 9) = 265.

44-ஐச் சோதிக்க, 120-ஐயும் பிரித்துப் பாருங்கள். சரியாக ஒரு கடிதம் மட்டும் தன் உறையில்: 5 × 9 = 45. இரண்டு: 10 × 2 = 20. மூன்று: 10 × 1 = 10. நான்கு: 0, ஏனென்றால் நான்கு சரியாகப் போனால் ஐந்தாவதற்கு வேறு போக்கில்லை. ஐந்தும்: 1. கூட்டினால் 44 + 45 + 20 + 10 + 0 + 1 = 120.

பியேர் டி மோன்மோர் 1708-இல் எழுப்பிய இந்தக் கணக்கில் வியப்பூட்டும் ஒன்று உண்டு. 44 ÷ 120 = 0.3667, 265 ÷ 720 = 0.3681. கடிதங்கள் ஐந்தானாலும் ஐயாயிரமானாலும், ஒன்றுகூடச் சரியாகப் போகாத வாய்ப்பு ஏறக்குறைய 0.368-லேயே நிற்கிறது.

கேள்வி: 7 பேச்சாளர்கள். அ பேசிய பிறகே இ, இ பேசிய பிறகே உ. எத்தனை வரிசைகள்?

பதில்: 7! ÷ 3! = 840. அந்த மூவரும் பிடிக்கும் மூன்று இடங்களில் 6 விதமாக மாறலாம், அதில் ஒன்று மட்டுமே ஏற்கத்தக்கது. *உடனடியாக* அடுத்தடுத்துப் பேச வேண்டும் என்றால் மூவரும் ஒரே கட்டு, 5! = 120. கேள்வியில் 'உடனே' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ஒரே மாதிரியான 10 பந்துகளை 4 வெவ்வேறு பெட்டிகளில் போட வேண்டும். எந்தப் பெட்டியிலும் 4-க்கு மேல் கூடாது, காலியாக இருக்கலாம். எப்படித் தொடங்குவது?

பதில்: வரம்பை முதலில் மறந்துவிடுங்கள். 10 பந்துகளையும் 3 தடுப்புகளையும் ஒரே வரிசையில் அடுக்கினால், 13 இடங்களில் தடுப்புக்கு 3 இடம்: 286. ஒரு குறிப்பிட்ட பெட்டி வரம்பை மீறுகிறது என்றால் அதில் 5 பந்துகளை முன்கூட்டியே போட்டுவிட்டு மீதி 5-ஐப் பகிர வேண்டும்: 8 இடங்களில் 3, அதாவது 56. நான்கு பெட்டிக்கு 224. இரண்டு பெட்டிகள் ஒருசேர மீறினால் 10 பந்தும் அங்கேயே தீர்ந்துவிடும், 1 வழி. அப்படி 6 ஜோடிகள். 286 − 224 + 6 = 68.

முன்கூட்டியே 5 பந்து போடுவது இங்கே சரி, குழுக் கணக்கில் 2 பெண்களை முன்கூட்டியே எடுத்தது தவறு. பந்துகள் ஒரே மாதிரியானவை, எந்த ஐந்து முதலில் போனது என்ற வேறுபாடு கிடையாது, அதனால் ஒன்று இரண்டு முறை எண்ணப்படுவதில்லை.

இதையே காலி இடங்களின் பக்கமிருந்து பார்த்தால் வேலை இன்னும் குறையும். நான்கு பெட்டிகளிலும் சேர்த்து 16 இடம், 10 பந்து போக 6 காலி இடங்கள், ஒரு பெட்டியில் அதிகபட்சம் 4 காலி. வரம்பில்லாமல் 9 இடங்களில் 3, 84. ஒரு பெட்டி மீறினால் மிஞ்சுவது 1 காலி இடம், அதற்கு 4 வழி, நான்கு பெட்டிக்கு 16. இரண்டு பெட்டிகள் மீற 10 காலி இடம் வேண்டும், இருப்பதோ 6, ஆகவே திரும்பக் கூட்ட எதுவும் இல்லை. 84 − 16 = 68.